சிடி பேக்கப்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: 2001-இல் பெட்டியோடு வாங்கிய விளையாட்டு சிடி. சிடியை ஒரே கோப்பாக நகலெடுக்கும் ஐஎஸ்ஓ இமேஜ் எடுக்கப் போனால் ஒரு சதவீதம்கூட முடியாமல் ‘படிக்க முடியவில்லை’ என்று நிற்கிறது. ஆனால் விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறது. சிடி கெட்டுவிட்டதா?
– மதுரை வாசகர்

பதில்: கெடவில்லை. சிடியைத் திறந்து கோப்புகளைப் பாருங்கள். 00000001.டிஎம்பி என்றொரு கோப்பு இருந்தால் அது காப்பி எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு. இந்த வகை சிடியில் சுமார் 800-ஆவது செக்டரிலிருந்து (தகவலைப் பிரித்து வைக்கும் சிறு துண்டுதான் செக்டர்) 10,000 வரையுள்ள பகுதியில், அச்சிடும்போதே சில நூறு செக்டர்களைப் பிழையாக வைத்துவிடுவார்கள். விளையாட்டு தொடங்கும்போது அந்த இடங்களைப் படித்துப் பார்க்கும். பிழை வந்தால் அசல் என்று எடுத்துக்கொள்ளும். சுத்தமாகப் படிக்க முடிந்தால் நகல் என்று நின்றுவிடும்.

ஐஎஸ்ஓ தோற்பது இங்கேதான். சிடியின் ஒரு செக்டரில் 2,352 பைட் இருக்கிறது. தொடக்க அடையாளத்துக்கு 12, முகவரிக்கு 4, தகவலுக்கு 2,048. மிச்சமுள்ள 288-இல் பெரும்பகுதி பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. ஐஎஸ்ஓ எடுப்பது நடுவிலுள்ள 2,048 மட்டும். பிழையான இடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பிச் சமாளித்தாலும், திரும்ப எழுதும்போது சரியான திருத்தக் குறியீடு தானாகச் சேர்ந்துவிடும். வேண்டுமென்றே வைத்த பிழை அத்தோடு போயிற்று.

ஆகவே முழு 2,352 பைட்டையும் அப்படியே எடுக்கும் ‘ரா’ முறையில் படிக்க வேண்டும். குளோன்சிடி இதற்கென்றே வந்த மென்பொருள். முதலில் சிடியை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. படிக்கும் வேகத்தை 8 எக்ஸ் அளவுக்குக் குறையுங்கள். பிழைகளை விரைவாகத் தாண்டும் வசதியைப் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பிழைச் செக்டரிலும் டிரைவ் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். சப்சேனலையும் (ஒவ்வொரு செக்டரோடும் சேர்ந்து வரும் துணைத் தகவல்) சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். முடிவில் ஐஎம்ஜி, சப், சிசிடி என்ற பின்னொட்டுகளோடு மூன்று கோப்புகள் கிடைக்கும். மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் பேக்கப், ஒன்றையும் அழிக்காதீர்கள்.

எடுத்தது முழுமையா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஐஎம்ஜி கோப்பின் அளவை 2,352-ஆல் வகுங்கள். சப் கோப்பை 96-ஆல் வகுங்கள். இரண்டிலும் மீதி வரக்கூடாது, ஈவு ஒன்றாக இருக்க வேண்டும். 74 நிமிட சிடி முழுக்க நிரம்பியிருந்தால் 3,33,000 செக்டர். ஐஎம்ஜி 78,32,16,000 பைட், சப் 3,19,68,000 பைட். 650 எம்பி சிடிக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 777 எம்பி இடம் பிடிக்கிறதே என்று திகைக்க வேண்டாம், அதுதான் சரியான அளவு.

கேள்வி: பூட்டுக்காக வைத்த பிழை எது, கீறலால் வந்த பிழை எது என்று எப்படிப் பிரிப்பது?
– நாகர்கோவில் வாசகி

பதில்: மிக அவசியமான கேள்வி. பிழைகளைத் தாண்டும் வசதி கீறலையும் சத்தமில்லாமல் தாண்டிவிடும். பிறகு திறக்கும்போதுதான் ஒரு காட்சியோ ஒலியோ இல்லாமல் போனது தெரியும். படித்து முடித்ததும் பிழைப் பட்டியலைச் சேமித்து வையுங்கள். சேஃப்டிஸ்க் என்றால் 10,000-க்கு மிகவும் தள்ளி வரும் பிழை பெரும்பாலும் கீறல்தான். வேறொரு டிரைவில் இன்னொரு முறை படியுங்கள். பூட்டின் பிழை எந்த டிரைவிலும் அதே எண்களில் வரும்; கீறலின் பிழை கூடும், குறையும், இடம் மாறும்.

நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துவிடும். தடத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறல்தான் ஆளை விழுங்கும். படம் அச்சிட்ட பக்கத்துக் கீறல் அதைவிட மோசம். சிடியின் அலுமினியப் படலம் அந்த அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அது உரிந்தால் எந்தப் பாலிஷும் உதவாது.

இரண்டு முறை எடுத்த சப் கோப்புகள் சற்று வேறுபட்டால் பயப்பட வேண்டாம். சப்சேனலில் பிழையைக் கண்டுபிடிக்க வழி உண்டு, திருத்த வழி கிடையாது. ஆனால் செக்யூரோம் என்ற இன்னொரு காப்பித் தடுப்புப் பூட்டின் பழைய பதிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்த சிடிகளை மட்டும் மூன்று முறை படித்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: ரா இமேஜை சிடி-ஆரில் எழுதினேன். ஓடவில்லை. ரைட்டரில் கோளாறா?
– ஈரோடு வாசகர்

பதில்: இருக்கலாம். எழுதும்போது ஒவ்வொரு 8 பிட்டும் 14 பிட்டாகி, இடையே 3 இணைப்பு பிட் சேரும். குழியும் சமதளமும் சராசரியாகச் சமமாக வரும்படி அந்த மூன்றைத் தேர்வது ரைட்டரின் வேலை. சேஃப்டிஸ்க் 2-இல் இதைத் திணறடிக்கும் சீரான பிட் கோலங்களைச் சில செக்டர்களில் வைத்தார்கள். பல ரைட்டர்கள் அங்கே தவறி, படிக்க முடியாத செக்டரை எழுதிவிடும். பிந்தைய செக்யூரோம் இன்னும் ஒரு படி மேலே போய், தட்டில் தகவல் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறது என்பதையே அளக்கிறது. வெற்று சிடி-ஆரின் தடம் தொழிற்சாலையிலேயே முடிவானது, அதை மாற்ற முடியாது. ஆல்கஹால் 120% என்ற இமேஜ் மென்பொருள் அந்த அளவீட்டை எம்டிஎஸ் என்ற பின்னொட்டுள்ள கோப்பில் பதிந்து வைக்கும். எழுதிய தட்டை நம்பாமல் இமேஜையே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அசல் சிடியே விண்டோஸ் 10-இல் ஓடவில்லையே?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: சேஃப்டிஸ்க் நம்பியிருந்த டிரைவர் (விண்டோஸுக்குள் ஓடும் துணை மென்பொருள்) விண்டோஸ் 10-இல் இல்லை. 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் பழைய விண்டோஸிலும் அதை நிறுத்தியது. 2007-லேயே அதில் கணினியின் முழு அதிகாரத்தைக் கைப்பற்ற விடும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. எங்கிருந்தோ அந்த டிரைவரை இறக்கிப் போடாதீர்கள். இணையத் தொடர்பில்லாத பழைய எக்ஸ்பி கணினியில் ஓட்டுங்கள். அல்லது வெளியீட்டாளர் பூட்டில்லாத புதிய பதிப்பு தந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: இப்படிக் காப்பி எடுப்பது குற்றமா? பெட்டியை எறிந்துவிடலாமா?
– சேலம் வாசகி

பதில்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏஏ), முறைப்படி மென்பொருளை வைத்திருப்பவர் இழப்போ சேதமோ வராமலிருக்க பேக்கப் எடுப்பதை அனுமதிக்கிறது. 2012-இல் சேர்ந்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. நண்பருக்கு ஒரு காப்பி கொடுத்தால் நீங்கள் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகிறீர்கள். அசலை விற்றால் இமேஜையும் அழித்துவிடுங்கள்.

பெட்டியை எறியாதீர்கள். நிறுவும்போது கேட்கும் எண் பல நேரம் உறையின் பின்பக்கத்தில்தான் இருக்கும். அதைப் படம் எடுத்து, எழுத்தாகவும் தட்டி, இமேஜ் இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். பூஜ்ஜியமா ‘ஓ’வா என்ற சந்தேகம் வந்தால் அந்தப் படம்தான் கைகொடுக்கும்.