70 சதவீத அடைப்பு இருந்தும் மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 57 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறார். மூன்று மாதமாக ஸ்டேஷன் படி ஏறும்போது நடு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல அழுத்துகிறது, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது என்றார். வாயு என்று ஓமவாட்டர் குடித்துக்கொண்டிருந்தார். ட்ரெட்மில் டெஸ்டில் மாறுதல் தெரிந்ததால் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். வலது ரத்தக்குழாயில் 70 சதவீதம், இடது பக்கக் கிளை ஒன்றில் 40 சதவீதம் அடைப்பு. எக்கோ நார்மல். டாக்டர், இப்போதைக்கு மாத்திரை போதும் என்கிறார். என் அண்ணனோ, "அடைப்பை வைத்துக்கொண்டு யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா? வேறு இடத்தில் காட்டி ஸ்டென்ட் வைத்துவிடு" என்கிறார். வலி குறைந்துவிட்டதால் இவர் பாதி மாத்திரைகளை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா, பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றைக் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரைந்துவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் அண்ணனுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எந்தெந்த மாத்திரையை எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார் என்று எடுத்து வைத்துப் பாருங்கள். நாளைக் காலையே அவருடைய டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்டென்ட் பற்றி இரண்டு வாரம் கூட யோசிக்கலாம். மாத்திரை விஷயத்தில் அந்த அவகாசம் கிடையாது.

"அடைப்பு" என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதைக் கேட்டதும் சென்னைக்காரர் கண்ணில் வருவது ஐப்பசி மழைக்கு முன் தூர் வாராமல் விட்ட மழைநீர் வடிகால்தான். சேற்றை அள்ளிப் போட்டால் தண்ணீர் ஓடும், கதை முடிந்தது. இதயத்தின் ரத்தக்குழாயில் நடப்பது அப்படியல்ல. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குழாயின் சுவருக்கு உள்ளேயே புகுந்து, வருடக்கணக்கில் சேர்கிறது. அதைத் தின்ன வரும் வெள்ளணுக்களும் அங்கேயே செத்துக் கிடக்கும். மேலே ஒரு மெல்லிய தோல் மூடிக்கொள்ளும். தோலுக்கடியில் வருகிற கட்டி என்று நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரி. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகையிலை மூன்றும் இந்த வேலையை வேகப்படுத்தும். அதிலும் நம் நாட்டுக்காரர்களுக்கு இது மேலை நாட்டினரைவிடச் சில வருடங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது. 57 வயதில் வந்துவிட்டதே என்று நீங்கள் மலைக்கலாம். எங்கள் வார்டில் 40 வயதுக்காரர்களும் படுத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டி இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். மெதுவாகப் பெருத்து வழியைக் குறுக்குவது ஒன்று. உட்கார்ந்திருக்கும்போது போதுமான ரத்தம் போகும். படி ஏறினால் இதயம் கூடுதலாகக் கேட்கும், குழாயால் கொடுக்க முடியாது, நெஞ்சு அழுத்தும். நின்றால் சரியாகிவிடும். இதை ஆஞ்சைனா என்கிறோம், உங்கள் கணவருக்கு இருப்பது இதுதான். இன்னொன்று, மேலே மூடியிருக்கும் தோல் திடீரென்று கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் மொத்தமாக மூடிக்கொள்வது. அது மாரடைப்பு. இதில் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: கிழிவது எப்போதும் பெரிய கட்டியாக இருப்பதில்லை. தோல் மெலிந்த 40 சதவீதக் கட்டியும் கிழியும். உங்கள் வீட்டில் எல்லோரும் 70-ஐப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். அந்த 40-ஐ யாராவது கண்டுகொண்டார்களா?

ஸ்டென்ட் என்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி வலை. வைத்த இடத்தில் வழியை அகலமாக்கும், அவ்வளவுதான். மற்ற இடத்துச் சுவரை அது தொடாது. மாத்திரைதான் குழாய் முழுக்கப் போய் வேலை செய்கிறது. இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. 2007-ல் வெளிவந்த கரேஜ் ஆய்விலும், 2020-ல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்விலும் இதைத்தான் பார்த்தார்கள். இரண்டாவது ஆய்வில் இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேர். நிலையாக இருக்கும் நோயாளிகளில், முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், நல்ல மாத்திரைகளோடு தொடங்கியவர்களுக்கும், மரணம், மாரடைப்பு என்ற கணக்கில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சு வலி அடிக்கடி வருகிறவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தபின் நிம்மதி கூடுதலாகக் கிடைத்தது. ஆகவே உங்கள் டாக்டர் சொன்னதில் தப்பில்லை. அவர் உங்களைக் கைவிடவும் இல்லை.

அண்ணன் மேலும் எனக்குக் கோபமில்லை. படத்தில் குறுகலைக் காட்டி, அடுத்த படத்தில் அகலமாகிவிட்டதைக் காட்டினால் யாருக்கும் நம்பிக்கை வரும். மாத்திரை செய்வதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. எங்கள் பக்கமும் குற்றம் உண்டு: நோயாளியை ஆஞ்சியோ மேஜையில் வைத்துக்கொண்டே, வெளியே கைப்பையை இறுக்கிப் பிடித்து நிற்கும் மனைவியிடம் பத்து நிமிடத்தில் முடிவு கேட்பது. மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் அது நியாயம். படி ஏறினால் மட்டும் வலிக்கிறவருக்கு அந்த அவசரம் எதற்கு? இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. ரிப்போர்ட் தாளோடு ஆஞ்சியோ படம் பதிந்த சிடி தட்டையும் கொண்டு போங்கள்; தாளை மட்டும் பார்த்து யாரும் ஒழுங்காகக் கருத்துச் சொல்ல முடியாது.

எப்போது மாத்திரை மட்டும் போதாது? மாரடைப்பு வந்துவிட்டால், ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தால், முழு அளவில் மாத்திரை எடுத்தும் அன்றாட வேலைக்கே வலித்தால், இடது பிரதானக் குழாயில் அடைப்பு இருந்தால், இதயத்தின் பம்ப் பலவீனமாகியிருந்தால். சர்க்கரை இருப்பவருக்கு மூன்று குழாயிலும் பெரிய அடைப்பு என்றால் பெரும்பாலும் பைபாஸ்தான் நல்லது. நீங்கள் பெரம்பூரில் இருப்பதால் சொல்கிறேன்: இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் செய்தது உங்கள் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். பின்னால் ஸ்டென்ட் தேவைப்பட்டாலும் செலவை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம். லட்சத்தைத் தாண்டி விற்ற ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. தகுதி இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். அவருடைய டப்பாவில் இருப்பவை இரண்டு ஜாதி. மெட்டோபிரலால் போன்றவையும் நைட்ரேட்டும் வலியைக் குறைப்பவை; சாப்பிட்டால் தெரியும், விட்டாலும் தெரியும். ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், அட்டார்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின் ஆகியவை மாரடைப்பைத் தடுப்பவை. சாப்பிட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் தெரியாது. ஆகவே ஆட்கள் நிறுத்துவது எப்போதும் இந்த இரண்டாவது ஜாதியைத்தான். உங்கள் கணவரும் அதைத்தான் செய்திருப்பார் என்று பந்தயம் கட்டலாம்! ஸ்டாட்டின் அந்தக் கட்டியின் மேல்தோலைத் தடிப்பாக்குகிறது, எல்டிஎல்லைக் கீழே இழுக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் "நார்மல்: 100-க்குள்" என்று அச்சடித்திருக்கும். அது அவருக்கான கணக்கில்லை. அவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே வந்தே ஆக வேண்டும், 55-க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. ஒரு மாத்திரையில் வராவிட்டால் எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி நிறுத்த வேண்டாம்.

நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? போன மாதம் ஒருவரிடம் அதை எடுத்துக் காட்டச் சொன்னேன். பின் பாக்கெட் பர்ஸிலிருந்து, பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவே நசுங்கிய ஒரு பட்டையை எடுத்தார். வியர்வையில் அட்டை நைந்து, மாத்திரை தூளாகியிருந்தது. காலாவதித் தேதி முடிந்து இரண்டு வருடம். உங்கள் கணவருக்கு ஒரு சின்ன டப்பாவில் போட்டு, சட்டைப் பையில் வையுங்கள். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டே வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரைகளோடு இது சேரவே கூடாது. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

வைத்து ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லை என்றாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ 108-தான். ஆட்டோ தேடி ஓட வேண்டாம், பைக்கில் பின்னால் உட்கார வைக்கவும் வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டுமே வரலாம் என்பதால், "கேஸ்தான்" என்று சோடா வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் போக்குவது இனி உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது. சொந்த ஊருக்குப் போயிருக்கும்போது வந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். "இதயம் காப்போம்" திட்டத்தில் 2023 முதல் இது நடக்கிறது.

பக்கத்து வீட்டு அக்காவின் கஷாயம் எந்தக் கட்டியையும் கரைக்காது. பூண்டு ரசம் சாப்பிடட்டும், நன்றாகத்தான் இருக்கும். சர்க்கரைக்காரருக்குத் தேன் எதற்கு? சமையலறையில் உண்மையாகவே மாற்ற வேண்டியது எண்ணெய். ரேஷன் பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி, எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, தலைக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வடை சுட்ட எண்ணெயை மறுபடி காய வைக்கவும் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே உப்பு தானாகக் குறையும். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை இருந்தால் இன்றோடு சரி.

நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். சாப்பிட்ட கையோடு வேண்டாம், சமதரையில், வாரத்துக்கு 150 நிமிடம். ஸ்டேஷன் படியும் ஏறலாம், ரயில் வந்துவிட்டதே என்று ஓடாமல். எத்தனையாவது படியில் அழுத்தம் வருகிறது என்று மட்டும் எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 30-ஆவது படியில் வந்தது 10-ஆவது படியிலேயே வர ஆரம்பித்தாலோ, ராத்திரி படுக்கையில் வந்தாலோ, அடுத்த மாத அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போய்விடுங்கள். அப்போது உங்கள் அண்ணனுக்கு முன்னால் நானே ஸ்டென்ட் பேச்சை எடுப்பேன்.