சிறுநீர்ச் சோதனையில் ஆர்சனிக் அதிகம் என்று வந்திருக்கிறது, பயப்பட வேண்டுமா?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: சோதனைக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் நண்டு, இறால், சுறா ஏதாவது சாப்பிட்டீர்களா?

நான் சாப்பிட்டிருந்தேன். ஞாயிறு மதியம் நண்டு மசாலா, ராத்திரி அதன் மிச்சக் குழம்பு, திங்கள் காலை மாஸ்டர் ஹெல்த் செக்கப். ரிப்போர்ட்டில் ஆர்சனிக் வரி மட்டும் சிவப்பு. 'யாரோ விஷம் வைக்கிறார்கள்' என்று வீட்டில் என்னைவிட என் அம்மாதான் நடுங்கிப்போனார். டாக்டர் நிதானமாக "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார். ஒரு வாரம் கடல் உணவைத் தொடாமல் மறுபடி கொடுத்தேன். எண் இறங்கிவிட்டது.

விஷயம் இதுதான். வழக்கமான சோதனை மொத்த ஆர்சனிக்கைத்தான் எண்ணுகிறது. அதை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் பிளாஸ்மா (ரத்த பிளாஸ்மா அல்ல, மிகச் சூடான வாயு) இருக்கிறது; அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் எல்லாம் அணு அணுவாக உடைந்துவிடும். அது மீனிலிருந்து வந்ததா, எலி பாஷாணத்திலிருந்து வந்ததா என்று கருவிக்குத் தெரியாது. உடம்புக்கு மட்டும் நன்றாகவே தெரியும்.

மீன், நண்டில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற கரிம வடிவம், அதாவது கார்பனோடு சேர்ந்த ஆர்சனிக். அதை உடைத்துப் பார்க்க நம் உடம்புக்கு வழியும் இல்லை, அவசியமும் இல்லை. வந்த கோலத்திலேயே சிறுநீரகம் வழியாகப் போய்விடும், பெரும்பகுதி ஓரிரு நாளில். கடற்பாசியில் உள்ள ஆர்சனோசர்க்கரை கொஞ்சம் வேறு மாதிரி: உடம்பு அதை உடைக்கும், டைமெத்தில் என்ற வடிவமாக (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) வெளியேற்றும்.

வம்பு பிடித்தது கனிம ஆர்சனிக், அதாவது கார்பனோடு சேராதது. வெள்ளைப் பாஷாணம், மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இருப்பது எல்லாம் இந்த வகை. இதில் ஆர்சனேட் என்ற வடிவம் பாஸ்பேட்டைப் போலவே இருப்பதால், செல்லுக்குள் பாஸ்பேட் போகும் வாசல் வழியாகவே நுழைந்துவிடும். உள்ளே போனதும் ஆர்சனைட்டாக மாறும். அது புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு நொதிகளை முடக்குகிறது.

கல்லீரல் என்ன செய்கிறது என்றால், இதன் மேல் மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் கொண்ட சின்னத் துண்டுகள்) ஒட்டுகிறது. ஒன்று ஒட்டினால் மோனோமெத்தில், இன்னொன்று சேர்ந்தால் டைமெத்தில். இரண்டாவது சுலபமாகச் சிறுநீரில் போய்விடும். இதை நச்சுநீக்கம் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் நடுவில் உருவாகும் மோனோமெத்தில் பொருளின் ஒரு வடிவம் ஆர்சனைட்டைவிடக் கொடியது! அதனால் வேலையைப் பாதியில் விடும் கல்லீரல்தான் ஆபத்து. பொதுவாகச் சிறுநீரில் டைமெத்தில் 60–80%, மோனோமெத்தில் 10–20%, மாறாத கனிமம் 10–30% இருக்கும். மோனோமெத்தில் பங்கு அதிகம் உள்ளவர்களுக்குத் தோல் பாதிப்பும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுதல்.

அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையில் சான் அன்டோனியோ டி லோஸ் கோப்ரெஸ் என்று ஒரு ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே ஆர்சனிக் தண்ணீரைத்தான் குடித்துவந்தார்கள். அந்த மக்களுக்கு மோனோமெத்தில் பங்கு வெகு குறைவு. மெத்தில் ஒட்டும் நொதியின் மரபணுவே அங்கே அதற்கேற்ப மாறியிருக்கிறது. நமக்கு அந்த வரம் இல்லை. ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைந்தவர்களுக்கு மெத்தில் ஒட்டும் வேலை மந்தப்படும். வங்கதேசத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது ரத்தத்தில் ஆர்சனிக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாலைந்து நாள் கடல் உணவை நிறுத்திவிட்டு மறு சோதனை கொடுங்கள். கனிம ஆர்சனிக்கையும் மெத்தில் வடிவங்களையும் பிரித்துக் காட்டும் 'ஸ்பீசியேஷன்' சோதனை கிடைத்தால் அதையே கேளுங்கள். ரத்தச் சோதனை இதற்குப் பெரிதாக உதவாது, ரத்தத்தை விட்டு அது சீக்கிரம் போய்விடும். மாதக்கணக்கான பழைய கதை வேண்டுமென்றால் முடி, நகம். அவற்றின் புரதமான கெரட்டினில் கந்தகம் இருப்பதால் அங்கே ஒட்டிக்கொண்டே வளரும். பாஷாணம் சேர்த்த மருந்து ஏதாவது சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மறு சோதனையிலும் இறங்கவில்லை, வீட்டில் போர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றால் அந்தத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் வரம்பு. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும்.