அம்மாவின் ஸ்டேட்டஸ் பொன்மொழிகளை நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தச் சொல்ல வேண்டாம். அப்பா தவறிய பிறகு அம்மா தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பொன்மொழி வைக்கிறார், இந்தப் பொத்தாம்பொதுவான வரிகளில் என்ன ஆறுதல் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இருப்பதுதான் அவற்றின் பலம்.

1948-இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணக்குறிப்பைக் கொடுத்து, அவரவருக்கென எழுதியது என்றார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது, 5-க்குச் சராசரியாக 4-க்கு மேல் போட்டார்கள். பொதுவான வரியில் அவரவர் தங்கள் வாழ்க்கையைப் பார்த்தார்கள். "காலம் ஆற்றும்" என்று படிக்கும்போது அம்மாவுக்குத் தெரிவதும் அப்பாதான்.

அப்புறம், "எனக்குத் தாங்கவில்லை" என்று சொந்தக்காரர்களிடம் வாய்விட்டுச் சொல்வது கஷ்டம். ஒரு படத்தைப் பகிர்வது சுலபம். அதற்கு யாராவது கைகூப்பும் எமோஜி அனுப்பினால், என் கணிப்பில் வரியைவிட அதுதான் அதிகம் தேற்றுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைவதற்குள் அழைத்து, "இது ஏம்மா பிடிச்சுது?" என்று கேளுங்கள். பேச்சு அப்பா பக்கம் திரும்பினால் காரணம் இதுதான். கலாம் சொன்னதாக வந்த வரியை அவர் சொல்லவே இல்லை என்று அந்த நேரத்தில் திருத்தாதீர்கள்.

ஆனால் வரிகள் 'வாழ்வதே வீண்' என்ற பக்கம் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டாலும் அப்படியே. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.