நாலு தையல்தானே?

கேள்வி: டாக்டர், 19 வயது மகன் மூன்று நாளைக்கு முன் ஜல்லி கிடந்த ரோட்டில் பைக்கோடு சறுக்கி விழுந்தான். முழங்காலில் ஒரு இஞ்ச் கிழிசல். பக்கத்து கிளினிக்கில் நாலு தையலும் டி.டி. ஊசியும் போட்டார்கள், எக்ஸ்ரே எடுக்கவில்லை. இப்போது காலை மடக்க முடியவில்லை, தையல் வழியாக வழவழவென்று ஏதோ கசிகிறது. இன்சூரன்ஸுக்கு ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) காப்பி கேட்கிறார்கள், அதுவும் இல்லை. என்ன செய்வது?
— ஒரு அம்மா, தாராபுரம்

பதில்: அம்மா, இன்சூரன்ஸ் அப்புறம். இன்றைக்கே எலும்பு டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று உங்களிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

முழங்கால் மூட்டைச் சுற்றியுள்ள பை, சிப்பிக்கு (முட்டியின் மேல் மூடிபோல் இருக்கும் எலும்பு) மேலே ஏறக்குறைய நாலு விரல் வரைக்கும் போகிறது, அதனால் சிப்பிக்கு மேலே பட்ட காயம்கூட மூட்டுக்குள் இறங்கியிருக்கலாம். இன்னொரு சிக்கல், விழும்போது கால் மடங்கியிருக்கும், நாம் பார்ப்பதோ நீட்டிப் படுக்கவைத்து. தோலில் உள்ள ஓட்டையும் உள்ளே உள்ள ஓட்டையும் நேருக்கு நேர் இல்லாமல் விலகிவிடுவதால் மேலோட்டமான காயம் போலவே தெரியும். முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாகக் கசிந்தால் அது மூட்டு நீராக இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேனில் மூட்டுக்குள் காற்று இருக்கிறதா என்று பார்ப்போம், அல்லது வேறு பக்கமாக ஊசி குத்தி 150 மில்லிக்கு மேல் சலைன் ஏற்றி, காயம் வழியாக வெளியே வருகிறதா என்று பார்ப்போம். காயம் உள்ளே போயிருந்தால் ஆபரேஷன் தியேட்டரில் வைத்து மூட்டைக் கழுவியே ஆகவேண்டும். விட்டால் சீழ் பிடித்துக் குருத்தெலும்பை அரித்துவிடும். காலை நீட்டியபடி தூக்கச் சொல்வதும் முக்கியம், முடியாவிட்டால் தசைநார் அறுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஜல்லியும் கண்ணாடியும் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும், மரச்சிராய் தெரியாது.

அடிபட்டவுடன் வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள். காப்பித்தூள், மஞ்சள் வேண்டாம், அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் போகிறது. முழங்கால் தையலை 10 முதல் 14 நாள் கழித்துத்தான் பிரிப்போம், அதுவரை காலை அதிகம் மடக்கக் கூடாது.

சரி, ஏ.ஆர். விஷயம். விபத்து என்று சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போனால் இப்போதும் பதிவு செய்வார்கள், ஆனால் இன்றைய தேதியில், 'தையல் போடப்பட்ட காயம்' என்றுதான் எழுதமுடியும். பழைய தேதி போடச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். கிளினிக் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் கால், எத்தனை சென்டிமீட்டர் நீள அகலம், ஓரம் பிசிறாக இருந்ததா என்பதைத் தைக்கும் முன் பார்த்தவர்தான் எழுதியிருக்கவேண்டும். கல்லில் கிழிந்ததை 'வெட்டுக்காயம்' என்று எழுதிவிட்டால் கத்தியா என்று போலீஸ் கேட்கும், அந்தக் கூத்தையும் பார்த்திருக்கிறேன். கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.