கூஸ் முட்டைக்குக் கோழிக் கணக்கு ஒத்துவருமா?

கேள்வி: ஒரே ஒரு கூஸ் வாத்து முட்டை கிடைத்தது. ஃபேன் உள்ள சின்ன இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் பெட்டி) வைத்து இன்றோடு 10 நாள். கோழி முட்டை மாதிரியே பார்த்துக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. கோழிக்கு 21 நாள், இதற்குச் சுமார் 30 நாள். முதலில் இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள், நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் குஞ்சு வளர்கிறது, ஒன்றுமே தெரியாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு இல்லை. சூடு 37.5 டிகிரி செல்சியஸ். முட்டையைப் படுக்கவைத்து, பென்சிலால் குறி போட்டு, தினம் மூன்று முதல் ஐந்து முறை அரை வட்டம் திருப்புங்கள்.

கோழிக்குச் செய்யாத ஒரு வேலை இதற்கு உண்டு. தாய் வாத்து இரைக்கு எழுந்து போய், ஈர இறகோடு திரும்பி வந்து உட்காருமே, அதேபோல இனி தினமும் மூடியைத் திறந்து 10, 15 நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரை லேசாகத் தெளித்துவிட்டு மூடுங்கள். ஈரப்பதம் 50-55 சதவீதம் இருக்கட்டும். கடைசி மூன்று நாள் திருப்பவே வேண்டாம், ஈரப்பதத்தை 70-க்கு மேல் ஏற்றுங்கள்.

ஓட்டில் விரிசல் விட்ட பிறகும் குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். பாவமாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள், ரத்த நாளம் கிழிந்துவிடும். அப்புறம், கூஸ் குஞ்சு தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், துணைக்கு இன்னொரு குஞ்சு வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.