போட்டோகொப்பி மெஷினில் தாள் மடிந்து வருகிறது, ஃபியூசர் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஃபியூசரின் (டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டும் பகுதி) கீழ் ரோலரை மாற்றியதிலிருந்து தாள் நடுவில் மடிந்து வருகிறது, டெக்னீஷியன் முதலில் தாளில் ஈரம் என்றார், இப்போது ஃபியூசரையே முழுதாக மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா? கேள்வியைப் பார்த்தால் சின்னக் கடை வைத்திருக்கிறீர்கள், மெஷினும் ரீகொண்டிஷனாக எடுத்தது என்று நினைக்கிறேன். இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். புதிதாகப் போட்ட அந்தக் கீழ் ரோலரை முதலில் கழற்றி அளந்து பாருங்கள்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் இந்த மெஷின்கள் திருத்துகிறேன். கல்முனை, அக்கரைப்பற்று வரை வேலைக்குப் போவேன். எந்தக் கொம்பனிக்கும் ஆள் இல்லை, ஒரிஜினல் சாமான்தான் வாங்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஆனால் "ஈரம்" என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். காரணம் கீழே.

டோனர் என்பது மை இல்லை, கறுப்பு நிறம் சேர்த்த பிளாஸ்டிக் தூள். கொப்பியின் உருவம் முதலில் பதியும் உருளையான டிரம்மிலிருந்து தாளில் வந்து உட்காரும்போது அது வெறும் தூசுதான், விரலால் தடவினால் அழிந்துவிடும். அதை உருக்கித் தாளோடு ஒட்டுவது ஃபியூசர். 1959இல் வந்த செரொக்ஸ் 914 மெஷினில் தாள் எரிந்துவிடக்கூடும் என்று சின்னத் தீயணைப்புக் கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்றைய மெஷின்கள் பலவற்றில் மேலே சூடான ரோலர், கீழே சிலிக்கன் ரப்பர் ரோலர், இரண்டையும் ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கும், நடுவால் தாள் போகும். மேல் ரோலரின் சூடு 180, 200 பாகை செல்சியஸ் பக்கம் இருக்கும். கீழ் ரோலரின் ரப்பர் மென்மையாக இருப்பதால்தான் இரண்டும் ஒரு கோடாகத் தொடாமல் சில மில்லிமீற்றர் அகலத்துக்கு அமுங்கித் தொடுகின்றன. நிமிடத்துக்கு இருபது பக்கம் அடிக்கும் மெஷினில் தாள் விநாடிக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவில் ஓடும். அப்படியானால் அந்தத் தொடுகையைத் தாள் கடக்கும் நேரம் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான். அதற்குள் தூள் உருக வேண்டும், தாள் சுருங்கவும் கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரோலர் நேரான உருளை இல்லை. பல மெஷின்களில் மேல் ரோலரோ கீழ் ரோலரோ, கோயிலில் அடிக்கிற உடுக்குப் போல நடு சிறுத்து, இரண்டு ஓரமும் பருத்துத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. விட்டத்தில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்கு என்ற அளவில்தான் வித்தியாசம். ஆனால் அது தெரியாமல் வந்த வித்தியாசம் இல்லை, வேண்டுமென்றே அரைத்து எடுத்தது. ஒரே அச்சில் சுற்றும்போது பருத்த ஓரத்தின் மேற்பரப்பு சிறுத்த நடுவைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும். அதனால் தாளின் இரண்டு ஓரமும் முன்னால் இழுபட்டு, தாள் வெளிப்பக்கமாக விரிந்து, இறுக்கமாக உள்ளே போகிறது. நேரான ரோலரைப் போட்டால் அந்த விரிப்பு இல்லை. நடு பருத்த ரோலரைப் போட்டால் இன்னும் மோசம், நடு முந்திக்கொண்டு ஓட, ஓரங்களில் உள்ள தாள் உள்ளுக்கு ஒதுங்கி வந்து நடுவில் மடிப்பாக விழும். கழற்றிப் பார்க்கும்போது உங்கள் ரோலரில் கீறல் இருக்காது, ரப்பரும் புத்தம் புதிதாக இருக்கும். ஆனாலும் பிழை அதில்தான் இருக்கக்கூடும்.

அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு கடை. ரியூஷன் மாஸ்டர்மார் மாதிரி வினாத்தாள் அடிக்கிற இடம். அப்போது உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட் மாதம்தான் நடக்கும், ஆகவே ஜூலை என்றால் மெஷின் காலையிலிருந்து இரவு வரை ஓடும். கீழ் ரோலரின் மேல் தோல் ஒரு ஓரத்தில் கிழிந்து, தாளின் பின்பக்கத்தில் கறை விழத் தொடங்கியதால் கடைக்காரர் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் ஓர் இடத்தில் புது ரோலர் எடுப்பித்தார். நான் போட்டுக் கொடுத்தேன். முதல் சில தாள் சரி, சூடு பிடித்த பிறகு ஒன்று விட்டு ஒன்று மடிந்து வந்தது. நடுப்பகுதியில் தொடங்கி வால் பக்கம் போகப் போக அகலமாகிற மடிப்பு. கணக்குக் கேள்வியில் ஒரு வரி முழுதாக மடிப்புக்குள் போய்விட்டது.

விற்ற இடத்துக்குக் கடைக்காரர் போன் எடுத்தார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர்? அக்கரைப்பற்று என்றதும், கடற்கரை ஊர்தானே, தாள் ஈரம் பிடித்திருக்கும், ரோலரில் ஒன்றும் இல்லை, பூட்டியவர் சரியாகப் பூட்டவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஜூலை மாதம் என்ன காலம் என்று அவர்களுக்குத் தெரியாது. கச்சான் காற்று அடிக்கிற காலம். உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். அந்த நாளில் தாளில் எங்கே ஈரம்? மார்கழி மழைக்குள் சொல்லியிருந்தால் நானே ஏற்றுக்கொண்டிருப்பேன், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் மாரியில் பிரித்து வைத்த தாள் கட்டு தளர்ந்துதான் போகும். அப்போது மடிப்பும் விழும், எழுத்தும் மங்கும், ஏனென்றால் ஈரத் தாளில் மின்னேற்றம் தங்காமல் டோனர் சரியாக ஒட்டாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஈரம் என்று சொல்வது பதில் இல்லை.

நான் இரண்டு ரோலரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு இரும்பு அடிமட்டத்தை நீளவாக்கில் சாத்தி, பின்னால் போன் டோர்ச்சைப் பிடித்தேன். கிழிந்த பழைய ரோலரில் இரண்டு ஓரமும் அடிமட்டத்தைத் தொட்டது, நடுவில் மெல்லிய கோடாக வெளிச்சம் கசிந்தது. புது ரோலரில் நடுவில் வெளிச்சமே இல்லை, ஓரங்களில்தான் லேசாகத் தெரிந்தது. வேர்னியரால் அமுக்காமல் மெதுவாகப் பிடித்து அளந்தாலும் அதே கதை. பழையதில் நடு சிறுத்திருக்கிறது, புதியதில் நடு ஒரு மயிரிழை பருத்திருக்கிறது. அளவு, நீளம், தண்டு, பெயரிங் உட்காரும் இடம் எல்லாம் சரியாகச் செய்திருந்தார்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். பிறகு கிழிந்த பழைய ரோலரையே திரும்பப் போட்டு ஓட்டிக் காட்டினேன். கறை விழுந்தது, ஆனால் ஒரு தாள்கூட மடியவில்லை. அதே தாள் கட்டு, அதே நாள், அதே ஆள் பூட்டியது. கடைக்காரர் அதை வீடியோ எடுத்து அனுப்பினார், பதில் வரவில்லை. கடைசியில் உடைத்து விற்கிற அதே மாடல் மெஷின் ஒன்றிலிருந்து நல்ல ரோலர் ஒன்று தேடி எடுத்துப் போட்டோம். பரீட்சை முடியும்வரை ஓடியது.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு அந்தக் கடையிலேயே ஒருவர், "கொழும்பில் இருந்து ஆள் எடுத்தால்தான் சரிவரும்" என்றார். கொழும்பு ஆளுக்கு வான் காசு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் கொடுப்பார்கள். எங்களுக்கு என்றால், ஸ்குரூ கழற்றிப் பூட்டியதற்கு இவ்வளவா என்று கேட்பார்கள். பிழையைக் கண்டுபிடிப்பதும் வேலைதான், அதற்கும் நேரம் போகிறது. இந்த மாவட்டத்தில் இதைவிட நல்லாக வேலை தெரிந்த பொடியன்கள் இருக்கிறார்கள், மதிப்பில்லாமல் கட்டாருக்குப் போய்விட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மெஷினில் பிழை ஃபியூசரில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கொப்பி அடிக்கவிட்டு, தாள் டிரம்மைக் கடந்து ஃபியூசருக்குள் பாதி போகும்போது முன் கதவைத் திறந்துவிடுங்கள், மெஷின் நின்றுவிடும். தாளை மெதுவாக எடுத்துப் பாருங்கள். ஃபியூசருக்குள் போகாத பாதியிலேயே நெளிவோ சரிவோ இருந்தால் பிழை அதற்கு முன்னால், பெரும்பாலும் தாளை நேராக்கி டிரம்முக்கு அனுப்புகிற ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து தாளைச் சரித்து அனுப்புகிறது. அந்தப் பாதி நேராக, சுத்தமாக இருந்து போன பாதி மட்டும் மடிந்திருந்தால் ஃபியூசர்தான். கையை உள்ளே விடும்போது கவனம், அந்தச் சூடு விளையாட்டு இல்லை.

அடுத்தது புதுக் கட்டு ஒன்றை அந்த நேரத்திலேயே பிரித்து ஓட்டுங்கள். மடிப்பு நின்றால் ஈரம் என்று சொன்னவர் சரி, நானும் ஒத்துக்கொள்வேன். நிற்காவிட்டால் கீழ் ரோலரை இரண்டு பக்கமும் அமுக்கும் ஸ்பிரிங்குகள் ஒரே அளவா, மேல் ரோலரின் இரண்டு முனையையும் தாங்கும் வளையங்களான புஷ்களும் தேயாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்க அமுக்கம் குறைந்தாலும் தாள் சரிந்து மடியும், ஆனால் அந்த மடிப்பு நடுவில் வராமல் ஒரு மூலைப் பக்கமாக மூலைவிட்டமாக ஓடும். இவை எல்லாம் சரி என்றால் அடிமட்டமும் டோர்ச்சும்தான். பழைய ரோலரை எறியாமல் வைத்திருந்தால் நல்லது, ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

எல்லா ரோலருக்கும் இதே கணக்கு என்று எடுத்துவிடாதீர்கள். டிரம்முக்குப் பக்கத்தில் இருந்து அதற்கு மின்னேற்றம் கொடுக்கிற சார்ஜ் ரோலர் பலவற்றில் எதிர்மாறாக, நடு லேசாகப் பருத்து வரும். அதை இரண்டு முனையிலும் ஸ்பிரிங் தள்ளுவதால் தண்டு கொஞ்சம் வளைந்து நடு டிரம்மைத் தொடாமல் விலகும், அந்தக் குறையை நிரப்பத்தான் அந்தப் பருமன். ஒரே மெஷினுக்குள் ஒரு ரோலருக்கு இடுப்பு, இன்னொன்றுக்கு வயிறு. செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இந்த வேலையில் இருக்கிற சந்தோசம் அதுதான்.

தாளில் ஒரே கறை திரும்பத் திரும்ப வந்தால் அதையும் அளந்து பாருங்கள். இரண்டு கறைக்கு இடையிலான தூரத்தை 3.14ஆல் பிரித்தால் பிழையான ரோலரின் விட்டம் வரும். 94 மில்லிமீற்றர் என்றால் 30 விட்டம், 75 என்றால் 24. அந்த விட்டத்தில் மெஷினுக்குள் எது இருக்கிறதோ அதுதான் ஆள். யூனிட் முழுவதையும் மாற்றச் சொல்கிறவரிடம் இந்த அளவைக் காட்டுங்கள்.

நேரான ரோலர் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறேன் என்று சிலர் கீழே எழுதுவார்கள் என்று தெரியும். ஓடலாம். கீழ் ரோலர் நேராக இருந்து மேல் ரோலரில் அந்தச் சிறுப்பு இருக்கிற மெஷின்கள் உண்டு, A4 அளவு மட்டும் அடிக்கிற சின்ன மெஷினிலும் தடித்த தாளிலும் பிழை வெளியே தெரியாமலும் போகலாம். நான் சொல்வது உங்கள் மெஷினோடு வந்தது எந்த வடிவமோ அதே வடிவம் வேண்டும் என்பதுதான். மலிவான ரோலர் எல்லாம் கூடாது என்றும் சொல்லவில்லை, சரியாக அரைத்து வருகிற மலிவு ரோலர்களும் என் கையால் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று, 2022இல் தாள் தட்டுப்பாடு வந்து மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த காலத்திலிருந்து பல கடைகளில் ஒரு பக்கம் அடித்த தாளை மறுபக்கம் அடிக்கிற பழக்கம் நிலைத்துவிட்டது. தாள் விலைக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் அடித்த டோனர் மறுபடி சூடாகி ரோலரில் ஒட்டும், கழற்றாமல் விட்ட ஸ்டேப்பிள் பின் ஒன்று போனால் தோல் கிழியும். அப்படிப்பட்ட தாளைப் போடுவதென்றால் ஒவ்வொரு தாளையும் விரித்துப் பார்த்துப் போடுங்கள்.

விற்பவரிடம் கேட்கும்போது "இந்த மாடலுக்குச் சரியா" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். நடுவிலும் இரண்டு ஓரத்திலும் விட்டம் என்ன என்று கேளுங்கள், மடிந்தால் திருப்பி எடுப்பீர்களா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். மெஷினின் மாடலையும், மடிப்பு நடுவில் விழுகிறதா மூலையால் ஓடுகிறதா என்பதையும் பதிலில் போட்டால், நான் கழற்றிப் பார்த்த மாடலாக இருந்தால் அதன் அளவைச் சொல்கிறேன்.