சுருண்ட நரம்புக்கு ஊசி போதுமா?

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஜவுளிக்கடையில் நின்றபடியே வேலை. வயது 42. இடது தொடையிலிருந்து கணுக்கால்வரை நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் பாதம் வீங்கி, செருப்பு நுழைவதில்லை. ஒரு டாக்டர் ஊசி போதும் என்கிறார். இன்னொருவர் லேசர்தான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: இருவரில் யார் உங்களை நிற்கவைத்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தாரோ, அவர் சொல்வதை முதலில் கேளுங்கள். இருவருமே எடுக்கவில்லை என்றால் இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

காலிலிருந்து மேலே ஏறும் ரத்தம் கீழே இறங்கிவிடாமல் தடுக்க சிரைகளுக்குள் (நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது இந்த ரத்தக் குழாய்களைத்தான்) ஒருவழி வால்வுகள் உண்டு. தொடை இடுக்கில் தோலுக்கடியில் ஓடும் மேற்சிரை, உள்ளே ஓடும் ஆழ்சிரையோடு சேரும் இடத்து வால்வு கெட்டுப்போனால், ரத்தம் மேலிருந்தே கீழே வழியும். நிற்கவைத்து, கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கிவிட்டு ஸ்கேனில் பார்ப்பார்கள். மேற்சிரையில் அரை விநாடிக்கு மேல் ரத்தம் பின்னோக்கி ஓடினால் அந்த வால்வு வேலை செய்யவில்லை. படுக்கவைத்து எடுத்த ஸ்கேனை இதற்கு நம்ப முடியாது.

இனி ஊசியா, லேசரா என்பது சுலபம். தொடை இடுக்கில் கசிவு இருந்து, முதன்மைச் சிரையும் (அங்கே போய்ச் சேரும் பெரிய மேற்சிரை) விரிந்திருந்தால், லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் அதை அடைப்பதே முதல் தேர்வு. சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2013-ல் வகுத்த வரிசையும் இதுதான்: முதலில் சூட்டு முறை, அது ஒத்துவராவிட்டால் நுரை ஊசி (மருந்தை நுரையாக்கிச் செலுத்துவது), அதுவும் முடியாவிட்டால் அறுவை சிகிச்சை. அகன்ற சிரையை நுரையாலும் அடைக்கலாம்; ஆனால் மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். முதன்மைச் சிரை நன்றாக இருந்து, கிளைகளும் நீலச் சிறு நரம்புகளும் மட்டும் புடைத்திருந்தால் ஊசியே போதும். லேசருக்குப் பிறகு மிஞ்சும் கிளைகளுக்கும் ஊசிதான். மேல் கசிவை விட்டுவிட்டுக் கீழே தெரியும் சுருளுக்கு மட்டும் ஊசி போடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை. மறுபடி சுருளும்; காசும் போகும்.

இன்னொன்று. 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆகிவிட்டது. கடையில் ஸ்டூல் கேளுங்கள். அது சலுகை அல்ல.

கேள்வி: ஊசியில் என்னதான் போடுகிறார்கள்? நரம்பை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும்? மயக்கம் கொடுப்பார்களா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ரத்தம் திரும்புவதைப் பற்றிக் கவலை வேண்டாம். காலின் ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகள் வழியாகத்தான் மேலே போகிறது. அவை திறந்திருக்கின்றனவா என்று ஸ்கேனில் உறுதி செய்த பிறகே கெட்ட மேற்சிரையை அடைக்க வேண்டும்.

பெரும்பாலும் பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் போடுவார்கள். மருந்து சிரையின் உட்சவ்வைப் புண்ணாக்கும். சுவர்கள் ஒட்டிக்கொண்டு, சில மாதங்களில் நாராகிச் சுருங்கிவிடும். பாலிடோகனால் முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக உருவானது. அதனால் வலி குறைவு. மயக்கம் தேவையில்லை. அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம்.

மருந்தின் அடர்த்தியை நரம்பின் பருமன்தான் தீர்மானிக்கும். 1 மி.மீ.க்கும் குறைந்த சிவப்பு நரம்புக்கு 0.25 முதல் 0.5 சதவீத பாலிடோகனால், மிக மெல்லிய 30 கேஜ் ஊசியில். 1–3 மி.மீ. நீல நரம்புக்கு 0.5 முதல் 1 சதவீதம். பெரிய சுருள்களுக்கு 1 முதல் 3 சதவீதம், பெரும்பாலும் நுரையாக. மெல்லிய நரம்பில் அடர்த்தியான மருந்தைச் செலுத்தினால் தோல் கறுக்கும், புண்ணும் வரலாம். பெரிய நரம்பில் நீர்த்த மருந்தோ வீண்.

நுரை தயாராவதை நீங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம். இரண்டு சிரிஞ்சுகளை மூன்று வழி அடைப்பானில் பொருத்தி, 1 மி.லி. மருந்தையும் 4 மி.லி. காற்றையும் இப்படியும் அப்படியுமாக 20 தடவை தள்ளுவார்கள். வெள்ளையாக, கட்டியான நுரை வரும். சில நிமிடங்களில் மறுபடி நீராகிவிடும் என்பதால் உடனே செலுத்த வேண்டும். திரவம் ரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும். நுரை ரத்தத்தை ஒதுக்கித் தள்ளிச் சுவரில் முழுதாகப் படியும். ஒரு தடவைக்கு நுரை 10 மி.லி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொது வழக்கம். பாலிடோகனாலுக்கு ஒரு நாள் உச்சவரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி.: 60 கிலோ ஆளுக்கு 120 மி.கி., அதாவது 3 சதவீத மருந்தில் 4 மி.லி. இரண்டு காலையும் ஒரே நாளில் முடித்துவிடச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள்.

ஊசி போடும்போது சுரீரென்று எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். மருந்து சிரைக்கு வெளியே கசிந்திருக்கலாம். தாங்க முடியாத வலி என்றால் தமனிக்குள் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) போய்விட்டதோ என்று உடனே பார்க்க வேண்டும். கணுக்காலின் உட்புறமும் முழங்காலின் பின்புறமும் இதற்கு ஆபத்தான இடங்கள்.

நுரைக்குப் பின் சிலருக்குக் கண்ணில் மின்னல் போலத் தெரியும், வறட்டு இருமல் வரும். படுத்திருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாகும். ஒற்றைத் தலைவலி, இதயத்தில் ஓட்டை, முன்பு ரத்தம் உறைந்தது, மருந்து ஒவ்வாமை இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் கட்டு அல்லது காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ் போட்டு, 20–30 நிமிடம் நடக்கச் சொல்வார்கள். நடக்காமல் ஆட்டோவில் ஏறிவிடாதீர்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறையாமல் காப்பது அந்த நடைதான்.

கேள்வி: ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறது. நரம்பு கயிறு மாதிரி கெட்டியாகி வலிக்கிறது. மேலே பழுப்புக் கோடும் விழுந்துவிட்டது. தவறாகப் போட்டுவிட்டார்களா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அநேகமாக இல்லை. மூடிய சிரைக்குள் மாட்டிக்கொண்ட ரத்தம் அது. டாக்டரிடம் போனால் சிறு ஊசியால் குத்தி, கறுப்பாகக் கட்டியிருக்கும் ரத்தத்தைப் பிதுக்கி எடுப்பார். வலி உடனே குறையும், கறையும் குறைவாகவே விழும். நீங்களாகக் குத்த வேண்டாம். வெளக்கெண்ணெய் தடவி நீவவும் வேண்டாம். பழுப்புக் கோடு, ரத்தத்தின் இரும்புச் சத்து தோலில் தங்கியது. மங்க 6 முதல் 12 மாதம் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

கெண்டைக்கால் முழுதும் வீங்கி இறுகினாலோ, மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ கதை வேறு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பம். இப்போதே ஊசி போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கூடாது. பிரசவத்துக்குப் பிறகு பல நரம்புகள் தானே வடியும். சில மாதம் கழித்து, பால் கொடுப்பதை நிறுத்திய பின் ஸ்கேன் எடுத்து முடிவு செய்யலாம். அதுவரை ஸ்டாக்கிங்ஸ், இடது பக்கம் சாய்ந்து படுப்பது.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. கணுக்காலுக்கு மேலே கறுத்து, எட்டு மாதமாக ஆறாத புண். போன வாரம் நரம்பு உடைந்து ரத்தம் பீய்ச்சியது. துணியால் மேலே இறுக்கிக் கட்டினோம். நிற்கவே இல்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மேலே கட்டியதால்தான் நிற்கவில்லை. சிரை ரத்தம் கீழிருந்து வருவது. மேலே இறுக்கினால் இன்னும் பீய்ச்சும். மறுபடி நடந்தால் அப்பாவைப் படுக்கவையுங்கள். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி, உடைந்த இடத்திலேயே சுத்தமான துணியை வைத்து, நடுவே எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்துங்கள். நின்ற பின் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

புண்ணுக்குக் களிம்பு மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அழுத்தக் கட்டோடு சிரைக் கசிவையும் சீக்கிரமே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. முதலில் கட்டு மட்டும் போட்டவர்களுக்கு அதற்கு 82 நாள் ஆனது. அந்தச் சிகிச்சைகளில் நுரை ஊசியும் உண்டு. சர்க்கரை இருப்பதால் முதலில் காலின் தமனி ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும். தமனி அடைபட்ட காலில் இறுக்கமான கட்டுப் போட்டால் காலுக்கே ஆபத்து.

கேள்வி: ஸ்டாக்கிங்ஸ் போட்டால் வெயிலில் எரிகிறது, சுருண்டு இறங்குகிறது. அவசியமா?
– வாசகர், வேலூர்

பதில்: ஊசிக்குப் பிறகு டாக்டர் சொன்ன நாள்வரை அவசியம். சுருண்டு இறங்குவது பெரும்பாலும் அளவுக் கோளாறு: காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன், கணுக்காலின் ஒல்லியான இடத்தையும் கெண்டையின் பருத்த இடத்தையும் அளந்து வாங்குங்கள். குதிகால்வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையால் சிறிது சிறிதாக மேலே தடவி ஏற்றுங்கள். மேல் பட்டையை மடித்து விடாதீர்கள். மடிப்பு காலை இறுக்கும். தினமும் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும்.